121 தோல்விகளும் அதற்கு முந்தைய ஓர் ஆண்டும்

சிகாகோ வைட் சாக்ஸ் அணி 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய 162 ஆட்டங்களில் 121இல் தோற்றது. 1900க்குப் பிறகான அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களைத் தோற்ற அணி வேறில்லை. நான் இந்த அணியை நெடுநாளாகப் பின்தொடர்பவன் என்பதால், விளையாட்டில் ஆர்வமுள்ள நண்பர்கள் அந்த ஆண்டு முழுவதும் துக்கம் விசாரிக்கும் குரலிலேயே என்னிடம் பேசினார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: 2024 என்னைச் சிரிக்க வைத்தது, சில இரவுகளில் சலிப்படைய வைத்தது, ஆனால் ஏமாற்றவில்லை. உண்மையான ஏமாற்றம் 81 வெற்றியும் 81 தோல்வியுமாக முடிந்த 2022இலேயே வந்துவிட்டது.

பேஸ்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்கு 121 என்ற எண்ணின் கனம் உடனே பிடிபடாது. இந்த விளையாட்டில் மிகச் சிறந்த அணியும் ஆண்டுக்கு அறுபது ஆட்டங்களையாவது தோற்கும், மிக மோசமான அணியும் அறுபதையாவது வெல்லும் என்பது ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நூறு தோல்வி என்பதே தலைகுனிவாகக் கருதப்படும் இடத்தில், வைட் சாக்ஸ் வென்றவை வெறும் 41. இதற்கு முன் இந்தச் சாதனையை 120 தோல்விகளோடு வைத்திருந்தது 1962ஆம் ஆண்டின் நியூயார்க் மெட்ஸ். அது அந்த ஆண்டுதான் புதிதாக உருவாக்கப்பட்ட அணி. மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களைக் கொண்டு ஒப்பேற்றப்பட்டது. வைட் சாக்ஸோ 1901இல் அமெரிக்கன் லீக் தொடங்கியபோதே அதில் இருந்த அணி. 2005இல் சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸை வென்ற அணி. (அந்த 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைக் காண வந்திருந்த ரசிகர்களில் ஒருவர், இருபது ஆண்டுகள் கழித்துப் போப் பதினான்காம் லியோ ஆனார். பிரார்த்தனைக்குப் பஞ்சமில்லாத அணி என்று இதை வைத்து நாங்கள் எங்களைத் தேற்றிக்கொள்வதுண்டு.)

2024 தொடங்கிய விதமே முடிவைச் சொல்லிவிட்டது. மார்ச் 28 அன்று சொந்த மைதானத்தில் டெட்ராய்ட் டைகர்ஸிடம் 1-0 என்று தோற்ற அணி, முதல் 25 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. ஏப்ரல் முடிவதற்குள்ளேயே லூயிஸ் ராபர்ட், யோவான் மோன்காடா, எலோய் ஹிமெனெஸ் என்ற மூன்று முக்கிய பேட்டர்களும் காயத்தால் வெளியேறியிருந்தார்கள். மோன்காடா அந்த ஆண்டு முழுவதிலும் ஆடியது பன்னிரண்டே ஆட்டங்கள். மே மாத இறுதியில் தொடங்கி 14 ஆட்டங்கள் தொடர் தோல்வி. அது போதாதென்று ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை 21 ஆட்டங்கள் தொடர் தோல்வி. மினசோட்டாவுடன் ஆடிய 13 ஆட்டங்களில் ஒரு வெற்றி, கான்சாஸ் சிட்டியுடன் ஆடிய 13இலும் ஒரே வெற்றி. மே 23 அன்று பால்டிமோருக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் போராடி நெருங்கி வந்தபோது, மேலே எழும்பிய ஒரு சாதாரணப் பந்தைப் பிடிக்க வந்தவருக்கு இரண்டாம் பேஸில் நின்ற எங்கள் வீரர் இடைஞ்சலாக இருந்தார் என்று நடுவர் தீர்ப்பளிக்க, ஒரே பந்தில் இரண்டு அவுட் ஆகி ஆட்டம் முடிந்தது. தோற்பதற்கு இத்தனை வழிகள் உண்டா என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த அணியின் கோளாறு தெளிவானது. ஆண்டு முழுவதும் அவர்கள் எடுத்தவை 507 ரன்கள், கொடுத்தவை 813. அதாவது சராசரியாக ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறக்குறைய இரண்டு ரன் பின்தங்கிய நிலையிலேயே களமிறங்கினார்கள் என்று கொள்ளலாம். 21 தோல்விகளின் தொடரை ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் ஒருவழியாக முறித்தார்கள். இரண்டு நாள் கழித்து, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பெட்ரோ க்ரிஃபோல் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற க்ரேடி சைஸ்மோர் 45 ஆட்டங்களில் 13ஐ வென்றார். க்ரிஃபோலை நான் காப்பாற்ற விரும்பவில்லை; ஆனால் அந்த வீரர் பட்டியலை வைத்துக்கொண்டு வேறு யார் வந்திருந்தாலும் நூறு தோல்விக்குக் கீழே இறங்கியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பட்டியல் அப்படி ஆனது எப்படி என்ற கேள்விதான் 2022க்கும் அதற்கு முன்னும் அழைத்துச் செல்கிறது. 2016 டிசம்பரில் அணியின் நிர்வாகம் தன் தலைசிறந்த பிட்சரான (பந்து வீச்சாளரான) கிறிஸ் சேலை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு மோன்காடா, மைக்கேல் கோப்பெக் உள்ளிட்ட இளைஞர்களைப் பெற்றது. அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊரின் வடபுறத்து எதிராளியான கப்ஸுக்குக் கொடுத்து ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் பெற்றது. இருப்பதை எல்லாம் விற்று, சில ஆண்டுகள் வேண்டுமென்றே தோற்று, இளைஞர்கள் முதிர்ந்ததும் ஒரே நேரத்தில் எழுவது என்பது திட்டம். ரசிகர்களிடம் பொறுமை கேட்டார்கள்; கொடுத்தோம். 2017இல் 95 தோல்வி, 2018இல் 100, 2019இல் 89. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கீழ்நிலை லீக்குகளில் ஆடும் இளைஞர்களில் யார் எத்தனை ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார்கள் என்று காலையில் எழுந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் ஏற்பட்டது.

திட்டம் பலித்தது என்பதை மறுக்க முடியாது. 2019இல் டிம் ஆண்டர்சன் .335 பேட்டிங் சராசரியோடு லீக்கின் முதல் பேட்டரானார். 2020இல் ஹோசே அப்ரேயு மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார், அணி பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுக்கு, சென்றது. 2021இல் 93 வெற்றிகளோடு லீக்கில் தன் பிரிவை வென்றது. அந்த ஆகஸ்டில் அயோவாவின் டயர்ஸ்வில் ஊரில் மக்காச்சோள வயலை ஒட்டி அமைத்த மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தில், கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் பின்தங்கியிருந்த நிலையில் ஆண்டர்சன் அடித்த ஹோம் ரன் சோளப் பயிருக்குள் போய் விழுந்து 9-8 என வெற்றி தந்தது. இந்தத் தலைமுறை வைட் சாக்ஸின் உச்சம் அதுதான்.

ஆனால் இதற்கிடையே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. 2020 பருவம் முடிந்ததும் மேனேஜர் ரிக் ரென்டெரியா விலக்கப்பட்டு, அவர் இடத்தில் 76 வயதான டோனி லா ரூசா நியமிக்கப்பட்டார். லா ரூசா சாதாரணமானவர் அல்லர். மூன்று வேர்ல்டு சீரீஸ் வென்றவர், பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர். ஆனால் 2011க்குப் பிறகு ஒரு பருவத்தையும் நடத்தாதவர். 1986இல் இதே அணி அவரை நீக்கியது உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபின் மனத்தில் நெடுங்காலம் உறுத்தலாக இருந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஒரு முதலாளியின் பழைய வருத்தத்தைத் தீர்ப்பதற்காக, நான்காண்டு பொறுமையில் விளைந்த ஓர் அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் நான் அதை இன்றும் புரிந்துகொள்கிறேன். 2021 மே மாதத்தில், பெரும் முன்னிலையில் இருந்த ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்ததற்காக (அது எதிரணியை அவமதிப்பது என்பது பழைய வழக்கம்) யெர்மின் மெர்சிடெஸ் என்ற தன் சொந்த வீரரையே அவர் வெளிப்படையாகக் கண்டித்தபோது, அந்த இளைஞர்களுக்கும் அவருக்கும் நடுவிலிருந்த தூரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. வெற்றிகள் வந்துகொண்டிருந்ததால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

2022இல் எல்லாரும் வைட் சாக்ஸே மீண்டும் பிரிவை வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். ஜூன் 9 அன்று சொந்த மைதானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுடன் ஆட்டம். டாட்ஜர்ஸ் பேட்டர் ட்ரேயா டர்னருக்கு எதிராக ஒரு பால், இரண்டு ஸ்டிரைக் விழுந்துவிட்டன. இன்னும் ஒரு ஸ்டிரைக் விழுந்தால் அவர் அவுட், இன்னிங்ஸும் முடிந்துவிடும். அந்த நிலையில் லா ரூசா அவருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுத்து நடக்கவிடும்படி உத்தரவிட்டார். இரண்டு ஸ்டிரைக் விழுந்துவிட்டதே என்று பார்வையாளர் ஒருவர் கத்தியது தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 11-9 என்று கைவிட்டுப் போனது. அந்த ஒரு ஆட்டத்தால் பருவம் கெட்டது என்று சொல்வது மிகை. ஆனால் அந்த ஆண்டின் இயல்பு முழுவதும் அந்த ஒரு முடிவில் இருந்தது: கையில் இருந்த சாதகத்தைத் தாமே எடுத்து எதிரிக்குக் கொடுப்பது.

மற்றவை மெல்ல மெல்ல நடந்தன. ஆண்டர்சனும் ஹிமெனெஸும் ஏறக்குறையப் பாதிப் பருவத்தைக் காயத்தால் இழந்தார்கள். சீஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.20 ரன் மட்டுமே கொடுக்கும் அபாரமான சராசரியோடு பந்து வீசி, லீக்கின் சிறந்த பிட்சர் விருதில் இரண்டாமிடம் பெற்றார், அதுவும் வீணாயிற்று. ஆகஸ்ட் இறுதியில் லா ரூசா உடல்நலக் குறைவால் விலகினார். லீக்கிலேயே வயதில் இளைய அணியான க்ளீவ்லாந்து 92 வெற்றிகளோடு பிரிவைத் தட்டிச் சென்றது. நான் எதிர்பார்த்திருந்த அணியைவிட 2022இன் அணி பன்னிரண்டு வெற்றி குறைவாகப் பெற்றது என்றால் அது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் இளம் வீரர்களின் மலிவான ஒப்பந்தங்கள் முடிவதற்குள் வென்றாக வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை. அந்தக் காலத்தின் நட்ட நடு ஆண்டு அப்படிக் கழிந்தது. அப்ரேயு ஹூஸ்டனுக்குப் போனார். 2023இல் 101 தோல்வி. ஆகஸ்டில் நெடுங்கால நிர்வாகிகளான கென் வில்லியம்ஸும் ரிக் ஹானும் நீக்கப்பட்டு, அணிக்குள்ளிருந்தே க்ரிஸ் கெட்ஸ் பொது மேலாளராக உயர்த்தப்பட்டார். வெளியிலிருந்து ஒருவரைத் தேடக்கூட உரிமையாளருக்குத் தோன்றவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர். எந்த வீரருக்கும் 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுக்காத அணிகள் 2024இல் இரண்டே இருந்தன: ஓக்லாந்து, வைட் சாக்ஸ். நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி இது. அதே 2024இல், நகர மையத்துக்கருகே புதிய மைதானம் கட்ட அரசுப் பணம் வேண்டும் என்று ரைன்ஸ்டார்ஃப் கேட்டுக்கொண்டிருந்ததைப் படித்தபோது, கோபத்தைவிட வியப்பே மிஞ்சியது.

இதனால்தான் 2024இல் என் கவனம் வைட் சாக்ஸின் ஆட்டங்களில் இருந்ததைவிட வைட் சாக்ஸை விட்டுப் போனவர்களின் ஆட்டங்களில் இருந்தது. மார்ச்சில் சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்ட சீஸ், எங்கள் 21 தோல்விகளின் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். கோப்பெக் ஜூலை இறுதியில் டாட்ஜர்ஸுக்குப் போய் அக்டோபரில் வேர்ல்டு சீரீஸ் வென்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்ட சேல், அட்லாண்டாவில் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சர் ஆனார்.

கடைசி வாரம் மட்டும் விசித்திரமாக இருந்தது. 120ஆவது தோல்வியோடு ஊர் திரும்பிய அணி, வரலாற்றைப் பார்க்க வந்திருந்த கூட்டத்தின் முன் ஏஞ்சல்ஸ் என்ற அணியை மூன்று ஆட்டங்களிலும் வென்றது. அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி முழங்கிய அதே கூட்டம் வெற்றிக்கும் கைதட்டியது. சாதனைத் தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்டில் 4-1 என்று வந்தது. அந்த வெற்றியால் பத்தாண்டுகளில் முதல்முறையாகப் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்ற டைகர்ஸ் அதே மைதானத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் 12 முறை வென்ற கான்சாஸ் சிட்டியும் பிளேஆஃபுக்குப் போனது. முந்தைய ஆண்டில் 106 ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி அது, எங்களைவிட ஐந்து தோல்வி அதிகம்.

இவ்வளவு தோற்றதற்கு, புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அணிகளுக்கிடையேயான வருவாய்ப் பகிர்வில் பணம் பெறாத அணிகள், முதல் சில தேர்வுகளைத் தீர்மானிக்கும் டிராஃப்ட் குலுக்கலில் அடுத்தடுத்த ஆண்டுகளில் இடம் பெறக் கூடாது என்பது விதி. 2024இல் ஐந்தாம் தேர்வைப் பெற்றுவிட்டதால், 2025இல் பத்தாவது இடத்துக்கு மேல் போக முடியவில்லை. 2024 டிசம்பரில், அந்தப் பருவத்தில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்த எங்கள் ஒரே நட்சத்திரமான கேரட் க்ரோஷேயைக் கெட்ஸ் விற்றார். வாங்கியது மீண்டும் பாஸ்டன். பதிலுக்குக் கிடைத்தது மீண்டும் நான்கு இளைஞர்கள். அவர்களில் கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025இலேயே களமிறங்கிவிட்டார்கள், அணி அந்த ஆண்டு 102 ஆட்டங்களைத் தோற்றது. டீலின் பேட்டிங்கை நான் இப்போது ஆர்வத்தோடுதான் பார்க்கிறேன்; அவர் முதிரும்போது அணியை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.