ஸ்லைடிங் ஜன்னலுக்குப் பாதி மார்க்குதான்

தக்கலை பக்கம் 8 சென்ட் மனையில் வீடு கட்டத் தொடங்கிய நேரம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற மாதிரி வீட்டுக்கும் நட்சத்திரம் உண்டு என்று மைத்துனன் கிளப்பிவிட்டான். உண்மைதான், மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ 2019இல் கொண்டுவந்தது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பதை வைத்து 1 முதல் 5 வரை.

"அதுக்கு முன்னால எகோ நிவாஸ் சம்ஹிதாவில பாஸ் ஆகுதான்னு பாப்போம்" என்றார் எங்கள் இன்ஜினியர். வெப்பம் உள்ளே வராமல் வீடு கட்டுவதற்காக 2018இல் வந்த மத்திய அரசு விதி அது. அந்த 2018 விதி 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல் உள்ள மனைகளுக்குத்தான் என்று இருந்தது. எங்களை யாரும் கேட்கப் போவதில்லை. சரி, நாமே கேட்டுக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம்.

ஜன்னலிலேயே ஃபெயில். விதியின் கணக்கில் நம் கன்னியாகுமரி மாவட்டம் புழுக்கமான கடலோர வகை. காற்று வர வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும். நான் ஆசைப்பட்டதோ எல்லாமே யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் நிற்பதால் 50 சதவீதம்தான் கணக்கில் வரும். கொக்கி மாட்டித் திறக்கும் பழைய இரட்டைக்கதவு ஜன்னலுக்கு 90. "நான் சொன்னா கேட்டியா?" என்றாள் அம்மா. மாற்றினோம்.

அடுத்தது, சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம். சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது, எங்களுக்கு 17.2. ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிதான் வில்லன். வெயிலில் எத்தனை பங்கை அது உள்ளே விடும் என்ற எண் தேவைப்பட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, 5 எம்எம்மா, 6 எம்எம்மா? பிரவுனா, பச்சையா? வேற நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாது" என்று டீ வாங்கித் தந்தார். கடைசியில் ஒரு கம்பெனியின் கேட்லாக்கில் கிடைத்தது. ஜன்னலைப் பாதியாக்கி, சன்ஷேடை ஒன்றரை அடியிலிருந்து மூன்றடியாக நீட்டியதும் 14.3.

கூரை சுலபம், செலவுதான் கடித்தது. கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதற்கு யு-வேல்யூ என்று ஓர் எண்; வெறும் கான்கிரீட் தளம் 3க்கு மேல் காட்டும், வரம்பு 1.2. வெப்பத்தைத் தடுக்கும் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை விரித்து மேலே வெள்ளை டைல்ஸ் பதித்தோம்.

சன்ஷேடுக்குப் பலகை அடிக்கும்போது கொத்தனார் டேப்பை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, மூணடியா? மழைக்கு ரெண்டு பைக் நிறுத்தலாமே." நட்சத்திரத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பூச்சு முடியட்டும்.