கடலிலிருந்து ஆற்றுக்குள்: தண்ணீரைச் சோதித்தபடி ஒரு பயணம்

ஆறு மலையிலிருந்து கடலுக்குப் போகிறது. அதன் நீரைச் சோதிக்கும் பயணம் எதிர்த்திசையில் போவதே நல்லது. முகத்துவாரத்தில் கடல் வற்றி நிற்கும் நேரத்தில் ஆற்றின் அழுக்கு கடல்நீரால் அதிகம் நீர்த்துப்போகாமல் தெரியும். அந்த வற்றம் உள்ளே போகப் போகத் தாமதமாக வரும் என்பதால், அதன் பின்னாலேயே மேல்நோக்கிப் போனால் எல்லா இடங்களையும் ஏறக்குறைய ஒரே ஓத (கடல் ஏற்ற, வற்ற) நிலையில் பிடிக்கலாம். வற்றம் விடியலுக்குச் சற்று முன் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். பாசி இரவெல்லாம் சுவாசித்து, கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் வேளை அது. மீன்கள் செத்து மிதப்பது அப்போதுதான். மதியம் அளப்பவருக்கு அதே ஆறு ஆரோக்கியமாகத் தெரியும்.

கிளம்பும் முன், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டரை 4, 7, 10 பஃபர்களில் (பி.எச். தெரிந்த கரைசல்களில்) சரிபாருங்கள். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் நன்னீர்ப் பகுதிக்குப் போதும். கழிமுகத்துக்கு 12,880 கரைசலும் வேண்டும்.

முகத்துவாரத்தில் மேல்நீரை மட்டும் மொண்டு வந்தால் பாதி ஆறு விடுபட்டுவிடும். கடல்நீர் கனமானது, நன்னீருக்கு அடியில் ஆப்புப்போல உள்ளே நுழைந்திருக்கும். மின்கடத்துத்திறன் மீட்டரின் முனையை அரை மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்குங்கள். சில ஆயிரம் மைக்ரோசீமன்ஸில் இருந்த அளவு திடீரென முப்பது, நாற்பது ஆயிரமாக எகிறும் ஆழம்தான் இரண்டு நீருக்கும் எல்லை. அதற்கு மேலே ஒரு சாம்பிள், கீழே ஒன்று. காற்று படாத அந்த அடிநீரில்தான் ஆக்சிஜன் முதலில் தீர்ந்துபோகும். உப்பைக் கணக்கில் சேர்க்காமல் ஆக்சிஜன் சதவீதம் (நீர் தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) போடாதீர்கள்: 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.6 மி.கி. வரை தாங்கும், கடல்நீர் 6.2 அளவுதான்.

மீட்டரை மட்டும் நம்பாமல் சில இடங்களிலாவது, கரைந்த ஆக்சிஜனை ரசாயனங்களால் அளக்கும் விங்க்ளர் முறையிலும் பாருங்கள். 300 மி.லி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட், அடுத்து அல்கலி-அயோடைடு-அசைடு, ஒவ்வொன்றும் 1 மி.லி., பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடிக் கவிழ்த்துக் குலுக்கினால் பழுப்பு மேகம்போல வண்டல் இறங்கும். பால்வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. ஒரு குமிழி சிக்கினாலும், ஆக்சிஜன் குறைந்த நீரில் அளவு பொய்யாக உயர்ந்துவிடும்.

ஓதம் எட்டாத பகுதியில், சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்று மொள்ளாதீர்கள். இரண்டு நீரும் கலக்காமல் வெகுதூரம் பக்கம் பக்கமாக ஓடும். கரைக்குக் கரை மின்கடத்துத்திறன் ஒன்றாக வரும் இடமே சரி. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு மாசு வருகிறது என்று தெரிய நீரோட்டத்தையும் அளந்தாக வேண்டும்: மிதவையின் வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பால் பெருக்கினால் போதும். லிட்டருக்கு 40 மி.கி. நைட்ரேட் உள்ள சாக்கடை நொடிக்கு 50 லிட்டர் ஓடினால் நாளுக்குச் சுமார் 173 கிலோ. சாக்கடை சேரும் முன்பே வெறும் 5 மி.கி. உள்ள ஆறு நொடிக்கு 2,000 லிட்டர் ஓடினால் 864 கிலோ. கண்ணுக்கு அசிங்கமான சாக்கடையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, மேலே வயல்களிலிருந்து வடியும் உரத்தை விட்டுவிடுவது இந்த ஒரு கணக்கைப் போடாததால்தான்.

மலையடியில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றோரம் செவுள்கள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வாலோடு ஒட்டியிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சிகள் பல வகையில் இருந்தால், பல வாரங்களாக நீர் நன்றாக இருந்திருக்கிறது.

கிருமிச் சோதனைக்கான பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போயாக வேண்டும். முகத்துவாரத்தில் எடுத்தவை முதலில் எடுத்தவை என்பதால், அவற்றைக் கொண்டுபோக அங்கேயே தனி ஆள் வையுங்கள். எண்டரோகாக்கை, ஈ.கோலை இரண்டும் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியாக்கள். உப்புநீருக்கு எண்டரோகாக்கை சோதனையைக் கேளுங்கள், ஈ.கோலை உப்பில் சீக்கிரம் செத்துவிடும். சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாட்டில்களின் லேபிளில் உவர்ப்பு அளவையும் எழுதுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 19,000 மி.கி. அளவுக்குக் குளோரைடு உண்டு; இந்தச் சோதனையில் சேர்க்கும் டைக்ரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றிவிடுவதால், குளோரைடு 2,000-ஐத் தாண்டினால் வழக்கமான முறையில் வரும் சி.ஓ.டி. எண்ணை நம்ப முடியாது.