அடுக்கு கிராஃபில் உயரத்தைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பாருங்கள்

சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திரையில் இருக்கிற இந்த கிராஃப் அடுக்கியதா, அடுக்காததா? பார்வைக்கு இரண்டும் வண்ணப் பட்டைகள்தான். ஆனால் அடுக்காததில் ஒவ்வொரு நிறமும் பூஜ்யத்திலிருந்து கிளம்பும், அடுக்கியதில் அடியில் இருக்கிற ஒன்றுக்கு மட்டும்தான் பூஜ்யம் தரை, மற்றதெல்லாம் கீழே உள்ளவற்றின் தோளில் ஏறி நிற்கும்.

ஒரு சிபியு கிராஃபில் அடியில் யூசர் (புரோகிராம்கள் சிபியுவைப் பயன்படுத்தும் நேரம்), அதன்மேல் ஐஓவெயிட் (டிஸ்க் வேலை முடிவதற்காக சிபியு சும்மா காத்திருக்கும் நேரம்) என்று வைத்துக்கொள்வோம். யூசர் 40 சதவீதத்திலிருந்து 70க்கு ஏறுகிறது, ஐஓவெயிட் அசையாமல் 5லேயே இருக்கிறது. ஆனாலும் அதன் மேல்விளிம்பு 45இலிருந்து 75க்குப் போகும். எங்கள் குழுவில் ஓர் இரவு ஷிஃப்டில் இதைப் பார்த்துத்தான் டிஸ்க் திணறுகிறது என்று ஸ்டோரேஜ் ஆட்களை எழுப்பினார்கள். டிஸ்க் நன்றாகவே இருந்தது, கீழே ஒரு புரோகிராம் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. பட்டை செங்குத்தாக ஏறும் இடத்தில் கண் இன்னும் ஏமாறும், தடிமன் மாறாவிட்டாலும் மெலிந்ததுபோல் தெரியும். அதனால் அதிகம் ஆடாததை அடியில் வைப்பது நல்லது, அடிப்பட்டை ஆடினால் மேலே உள்ள அத்தனையும் சேர்ந்து ஆடும்.

மெமரி கிராஃபில் வேறு குழப்பம். லினக்ஸ் சர்வரில் ஃப்ரீ பட்டை, அதாவது காலி மெமரி, நூல்போல இருந்தால் பதறுகிறார்கள். கேஷ் பட்டை (டிஸ்கில் படித்ததை மெமரியில் வைத்திருக்கும் பகுதி) தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள், அதில் பெரும்பகுதியைத் தேவைப்படும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் திருப்பி எடுத்துக்கொள்ளும். 3.14 கர்னலிலிருந்து புரோகிராம்களுக்கு எவ்வளவு மெமரி கிடைக்கும் என்று சொல்லும் மெம்அவெய்லபிள் என்ற கணக்கே தனியாகக் கிடைக்கிறது.

அப்புறம், எதை வேண்டுமானாலும் அடுக்கிவிட முடியாது. கூட்டினால் அர்த்தம் வரவேண்டும். ஐந்து சர்வர்களின் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை அடுக்கலாம், மொத்தம் கிடைக்கும். 50, 95, 99ஆம் பெர்சென்டைல் தாமதங்களை (95ஆம் பெர்சென்டைல் என்றால் நூற்றில் 95 ரிக்வெஸ்ட்கள் அந்தத் தாமதத்துக்குள் முடிந்தன என்று பொருள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உச்சியில் வரும் எண் எந்தப் பயனருக்கும் நேர்ந்த தாமதம் இல்லை, அப்படி ஒரு டாஷ்போர்டைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுவேன்.

மொத்தம் திடீரென்று சரிந்தால் வரத்து குறைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரு சர்வர் தரவு அனுப்புவதை நிறுத்தியிருந்தாலும் அதன் பட்டை மறைந்து, மேலே உள்ளவை அப்படியே இறங்கிவிடும். கிராஃப் வரையும் கருவியான கிராஃபானாவில் லெஜெண்டில், அதாவது நிறங்களின் பெயர்ப்பட்டியலில், ஒரு பெயரைச் சொடுக்கினால் மற்றவை மறைந்து அது மட்டும் பூஜ்யத்திலிருந்து தெரியும். யாரையும் எழுப்புவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.