ஒன்பது நாளில் எட்டு நாடு: எக்செல் ஷீட்டில் மட்டும் ஓடும் கார்

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளைச் சுற்றும் பயணத் திட்டம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் போடும் வரைபடத்தில்தான் பிறக்கிறது. ஸ்லோவேனியாவில் காரை எடுத்து, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, கொசோவோ, செர்பியா என்று சுற்றித் திரும்ப ஸ்லோவேனியா. கீழே ஒரு வரி: "ஒன்பது நாள் போதும்ல?" கட்டைவிரல் எமோஜி வரிசையாக விழும். கூடவே எக்செல் ஷீட்டும் வரும். அதில் சிற்றுண்டிக்குக்கூட ஒரு கட்டம் இருக்கும், எல்லைச் சோதனைக்கு மட்டும் இருக்காது.

ஸ்லோவேனியா – குரோஷியா எல்லையைச் சேர்க்காமல், அந்த வட்டத்தில் முழுச் சோதனை உள்ள எல்லைகள் ஏழு. பொதுவாக ஒவ்வொன்றிலும் வெளியே விடுபவர் ஒருவர், உள்ளே விடுபவர் ஒருவர். ஆக ஏறத்தாழ பதினான்கு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடியை இறக்கி, எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் காரின் காகிதங்களையும் நீட்டி, பின்சீட்டில் தூங்குபவரைத் தட்டி எழுப்பி அதிகாரிக்கு முகம் காட்ட வைக்க வேண்டும்.

போதாததற்கு, படத்தில் போட்ட வரிசையே தப்பு. கொசோவோவைத் தனி நாடாகச் செர்பியா ஏற்பதில்லை. மாசிடோனியா வழியாகக் கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேரே செர்பியாவுக்குப் போனால், "எங்கள் நாட்டுக்குள் நீங்கள் நுழைந்ததற்கான பதிவே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செர்பியாவில் நுழைந்து கொசோவோ போய் மறுபடி செர்பியாவுக்கே வரலாம், அல்லது கொசோவோவிலிருந்து மாசிடோனியா, அல்பேனியா பக்கம் இறங்கிவிடலாம். கிரீன் கார்டு எனப்படும், பிற நாடுகளிலும் செல்லும் வண்டிக் காப்பீட்டுச் சான்றும் கொசோவோவில் செல்லாது. எல்லையில் தனியாக வாங்க வேண்டும். முதல் பயணத்தில் கொசோவோவையும் செர்பியாவையும் விட்டுவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

அடுத்து, வரைபடம் காட்டும் நேரம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவின் கோட்டோர் சுமார் 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று காட்டும். ஆகஸ்டில் காரசோவிச்சி – டெபெலி பிரியெக் எல்லை வரிசையே அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். முதல் அரை மணி எல்லோரும் ஏசியில் இருப்பார்கள். பிறகு பெட்ரோல் முள்ளைப் பார்த்து ஓட்டுநர் ஏசியை அணைப்பார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முன் காரில் தர்பூசணி வெட்ட ஆரம்பிப்பார்கள். குழுவில் ஒருவர் பக்கத்து வரிசை வேகமாகப் போகிறது என்று கண்டுபிடிப்பார். அங்கே மாறிய மறுநிமிடமே முன்னால் நிற்கும் வேனில் பதினோரு பேர் இருப்பதும் தெரியவரும். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைகளில் கைரேகை, முகப்பதிவு முறை வேறு படிப்படியாக வந்துவிட்டதால், குரோஷியாவுக்குத் திரும்பும் பக்கம் இன்னும் மெதுவாகலாம்.

தப்பிக்க மூன்று வழி உண்டு. ஒன்று, காலை ஏழுக்கு முன் எல்லையில் நிற்பது. இரண்டு, கடலோரத்தில் பிரெவ்லாக்கா தீபகற்பத்தின் பக்கம் போகும் சிறிய எல்லைச்சாவடி. அது எப்போது திறந்திருக்கிறது என்று முந்தின நாள் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் உருப்படியானது: ஜூலை, ஆகஸ்டை விட்டு ஜூன் முதல் பாதியிலோ செப்டம்பரிலோ போவது.

கார் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடலாம் என்பது கேட்க இனிக்கும். அதற்கான ஒருவழிக் கட்டணம் பல நூறு யூரோவுக்குப் போய், சில நேரம் மொத்த வாடகையையே மிஞ்சும். எடுத்த ஊரிலேயே திருப்பிவிடும் வட்டம்தான் கட்டுப்படியாகும். முன்பதிவுக்கு முன்பே போகப்போகும் நாடுகளின் பெயரை எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அல்பேனியாவுக்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும், சில அனுமதிக்கவே மாட்டா. அனுமதி இல்லாத நாட்டில் இடித்தால் காப்பீடு கிடையாது. முழுச் செலவும் உங்கள் தலையில். எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம், கிரீன் கார்டு, வண்டிப் பதிவுச் சான்று மூன்றும் டாஷ்போர்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள். ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கி, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, போஸ்னியாவுக்கு இழுவைக் கயிறும் மாற்று பல்புகளும்: இவையும் டிக்கியில் இருக்க வேண்டும். சாதாரணக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. மலைச்சாலையில் அடிபடுவதோ முதலில் அவைதான்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கு ஒரு கண்ணி. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. போஸ்னியாவுக்குள் கால் வைத்தாலே ஷெங்கனிலிருந்து வெளியேறியதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவோடு போனவர் திரும்பிக் குரோஷியாவுக்குள் வர முடியாது. காரும் வராது, விமானமும் போய்விடும். பலமுறை நுழைவு விசா இருந்தால் அதைக் காட்டியே போஸ்னியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் தனி விசா இல்லாமல் போகலாம். அல்பேனியாவில் அந்த விசாவை ஏற்கெனவே ஷெங்கனுக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் அந்தந்த நாட்டு வெளியுறவுத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

சரி, ஓடக்கூடிய திட்டம் எது? பன்னிரண்டு நாள், நான்கு நாடு, ஐந்து எல்லை. காரைக் குரோஷியாவின் ஸ்பிளிட்டில் எடுத்து ஸ்பிளிட்டிலேயே விடுவது.

ஸ்பிளிட்டிலிருந்து போஸ்னியாவின் மோஸ்டார், நெடுஞ்சாலையில் போய் பியாச்சா எல்லை வழியாக. அங்கே இரண்டு இரவு. அடுத்து சாரயேவோவுக்கு 130 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நெரெத்வா ஆற்றங்கரையோடு வளைந்து போகும் பாதை. இரண்டரை மணி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யப்லானிட்சாவில் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் சுற்றிச் சுட்டு எடைக்கு விற்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளவும். சாரயேவோவில் இரண்டு இரவு.

சாரயேவோவிலிருந்து மாண்டினீக்ரோவின் துர்மிடோர் மலைக்குப் போகும் நாள்தான் எல்லா ஷீட்டையும் கிழிக்கும் நாள். ஃபோச்சாவைத் தாண்டியதும் சாலை ஒடுங்கி, ஓரம் உடைந்து, இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டிய நிலை. முடிவில் ஷ்செபான் போல்யே எல்லை. தாரா ஆற்றின் மேல் மரப்பலகைத் தளம் போட்ட பழைய பாலம்; ஒரு நேரத்தில் ஒரு வண்டி. பலகைகள் கடகடக்கும்போது காருக்குள் பேச்சு நின்றுவிடும். தாண்டிய பிறகு பிவா பள்ளத்தாக்கு. பாறையைக் குடைந்த விளக்கில்லாத சுரங்கங்கள். ப்லூஜினேக்கு அருகே இடப்பக்கம் மேலே ஏறும் சிறு சாலை, 1,907 மீட்டர் உயரத்தில் செட்லோ கணவாயைக் கடந்து ஜப்லியாக்கில் இறக்கும். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் பாதை அது. கோடையிலும் இரவில் வேண்டாம். சாலை நடுவே படுத்திருக்கும் மாடுகளுக்கு டிப்பர் விளக்கு கிடையாது. தூரம் 170 கிலோமீட்டர் போல. நேரம் ஐந்து மணிக்குக் குறையாது. பெட்ரோலைச் சாரயேவோவிலேயே நிரப்புங்கள். குரோஷியாவைவிட அங்கே விலையும் குறைவு.

ஜப்லியாக்கில் இரண்டு இரவு. அங்கிருந்து நிக்ஷிச் வழியாகக் கோட்டோர், இரண்டு இரவு. பழைய நகருக்குள் கார் போகாது. ஜிபிஎஸ் மட்டும் மதிற்சுவரை இடித்துக்கொண்டு போகச் சொல்லும். பிறகு கடலோரமாக இறங்கி, சுகோபின் – முரிக்கான் எல்லை தாண்டி அல்பேனியாவின் ஷ்கோடரில் இரண்டு இரவு. சைக்கிள்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள்; கோபப்படாதீர்கள், ஊரே அவர்களுடையது. திரும்பும் நாளில் விடியற்காலையில் கிளம்பி, லெபெதானே – கமெனாரி படகில் காரை ஏற்றுங்கள். சில யூரோதான், பத்து நிமிடம்; கோட்டோர் விரிகுடாவை முழுக்கச் சுற்றுவது மிச்சம். டுப்ரோவ்னிக்கில் ஒரு இரவு. கோட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பார்க்கிங் கட்டணம் சாப்பாட்டுச் செலவை எட்டும். கார் நிறுத்த இடம் தரும் விடுதியாகப் பிடிப்பது லாபம். மறுநாள் 2022-இல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாக ஸ்பிளிட். பாலத்துக்குச் சுங்கம் இல்லை. பழைய கடலோரச் சாலையில் போனால் நெயூம் என்ற ஊரில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளிவர வேண்டும்; அந்த இரண்டு சோதனையும் இதில் இல்லை.

பணம்: குரோஷியா, மாண்டினீக்ரோ இரண்டிலும் யூரோ. போஸ்னியாவில் மார்க்; ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையாகக் கட்டிவைத்தது. எல்லைக்கு முன் அதைச் செலவழித்துவிடுங்கள், வெளியே யாரும் வாங்கமாட்டார்கள். அல்பேனியாவில் லெக். ஏடிஎம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும், வேண்டாம் என்று அழுத்துங்கள். குரோஷிய சிம்மின் ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் போஸ்னியாவில் முடிந்துவிடும். தானாக இணைந்தால் பில் கண்ணைக் கட்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். ஊர்ப் பலகை தெரிந்ததும் வேகம் 50. பலகைக்குப் பின்னால் ரேடாரோடு போலீஸ் நிற்பது வழக்கம். எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் அது வணக்கம் இல்லை, எச்சரிக்கை. போஸ்னியாவில் அபராதச் சீட்டு தந்தால் எட்டு நாளுக்குள் கட்டினால் பாதிதான். காலை எட்டு மணிக்கே விடுதிக்காரர் ராக்கியா என்ற பழச் சாராயத்தை நீட்டுவார், மறுத்தால் வருத்தப்படுவார். போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.03 சதவீதம்தான் வரம்பு, அல்பேனியாவில் 0.01. எனவே அந்தக் கோப்பையை வண்டி ஓட்டாதவர் பக்கம் தள்ளிவிடுங்கள்.

கடைசி நாள் சனிக்கிழமையாக இருக்கக் கூடாது. கடலோர விடுதிகளில் ஆள் மாறும் நாள் அதுதான். ஸ்பிளிட்டிலிருந்து விமான நிலையம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் வண்டிகள் அட்டைபோல் ஒட்டிக்கொண்டு நகராது. விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே பெட்ரோலை முழுக்க நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, காரின் நான்கு பக்கமும் கூரையும் டயரும் தெரிய வீடியோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.