பழைய லெனோவாவுக்கு எஸ்.எஸ்.டி. போட்ட கதை

திருகோணமலை உப்புவெளியில் வீட்டில் இருந்தபடியே அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கோயில் திருவிழா நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற சிறுநூல் என்று வருகிற வேலை எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில்தான் ஓடுகிறது. இந்தக் காலத்தில் இன்னும் பாமினியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன வருடத்து நோட்டீஸில் திகதியை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று வருகிறவருக்கு, போன வருடத்து பைல்தான் தேவை.

அந்த வேலையைச் செய்வது ஒரு லெனோவா ஜி580 லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3 புரோசசர், 4 ஜீபி ரேம், 500 ஜீபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நிற்கும், புரோசசர் சும்மா இருக்கும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில், முள் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் போய் எடுக்க வேண்டியிருப்பதால் வரும் சுணக்கம் அது. எஸ்.எஸ்.டி. என்பது தட்டுக்குப் பதிலாகச் சிப்களில் தகவலை வைக்கும் டிஸ்க்; அதில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். “அண்ணை, எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸ் புதுசா அடிச்சுத் தாறம். டொக்குமென்ட்ஸ், டெஸ்க்டொப்பில இருக்கிறதெல்லாம் எடுத்துத் தருவம்” என்றார் தம்பி. பெரும்பாலான ஆட்களுக்கு அது போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லதும்கூட. எனக்குச் சரிவராது. பேஜ்மேக்கர் சீடி எங்கே போனது என்று எனக்கே தெரியாது. பாமினி என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று எழுத்துரு உலவுகிறது. வேறொன்றைப் போட்டால் வரிகள் இடம் மாறிக் கல்வெட்டில் ஒரு தேவாரம் அடுத்த பக்கத்துக்குப் பாயும். எழுத்துருவே இல்லாமல் திறந்தாலோ, குற்று, அதாவது மெய்யெழுத்தின் புள்ளி, வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியும் மிச்சத்துக்கு ஆங்கில எழுத்துமாகக் கிடக்கும். ஆகவே பழைய டிஸ்க்கில் இருப்பதை இருந்தபடியே புதியதுக்கு மாற்றுவது, அதாவது குளோன் பண்ணுவது என்று முடிவெடுத்தேன்.

குளோன் பண்ணுவதற்கு முன் டிஸ்க் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நலம் விசாரித்துச் சொல்லும். என்னுடையது மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. பயப்படாமல் கீழே உள்ள வரிகளைப் பார்த்தேன். ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ என்றால் கெட்ட இடத்தை டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்துவிட்டது. ‘பென்டிங் செக்டர்’ என்றால் வாசிக்க முடியாமல் திணறும் இடம் இப்போதும் இருக்கிறது. குளோன் நடுவழியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். என்னுடையதில் முதலாவது இருந்தது, இரண்டாவது பூச்சியம். இன்னும் ஒத்திப்போட நேரமில்லை என்று விளங்கியது.

வாங்கியது குரூசியல் பிஎக்ஸ்500, 240 ஜீபி. சின்ன அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 துவாரம் இந்த வயது லேப்டாப்பில் கிடையாது, ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கின் இடத்திலேயே மாட்டும் 2.5 அங்குல சாட்டா வகைதான். அட்டையில் நொடிக்கு 540 எம்பி என்று போட்டிருப்பார்கள்; அன்றாட வேலையில் அந்த எண்ணைவிட, தேடும் நேரம் இல்லாமல் போவதுதான் தெரியும். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் மூன்று வருட உத்தரவாதம் உள்ள சாமானுக்கு, பழுதானால் கொழும்புக்கு பஸ் ஏறுவதைவிட இங்கேயே வாங்குவது மேல். குரூசியல் என்று பார்த்து வாங்கியதற்குக் காரணம், குளோன் பண்ணும் அக்ரோனிஸ் மென்பொருளை அந்த நிறுவனம் இலவசமாகத் தந்தது.

240 ஜீபி என்று விற்பது விண்டோஸில் 223 ஆகத்தான் தெரியும். என் டிஸ்க்கில் இருந்ததோ அதற்கும் மேலே. வாடிக்கையாளர்கள் தந்த போட்டோக்களையும், முடிந்த வேலைகளின் ஸ்கேன்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றி, 150க்குக் கிட்டக் கொண்டுவந்தேன். எஸ்.எஸ்.டி.யைக் கழுத்து மட்டும் நிரப்பினால் அதுவும் மந்தமாகும்.

அடுத்த தலையிடி கரண்ட். என் லேப்டாப் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். குளோன் பாதியில் நின்றால் பழைய டிஸ்க்கில் இருப்பது அழியாது, அது வாசிக்கப்படுவது மட்டும்தான். ஆனாலும் மஞ்சள் காட்டும் டிஸ்க்கை முதலிலிருந்து இன்னொருமுறை வாட்டுவானேன்? வழமையாக வேலை கொடுக்கும் அச்சக முதலாளியிடம் சொன்னேன். “இஞ்ச கொண்டுவாரும் தம்பி, யூ.பி.எஸ். சும்மாதானே கிடக்கு” என்றார். யூ.எஸ்.பி.யை சாட்டாவாக்கும் ஒரு கேபிளில் எஸ்.எஸ்.டி.யை மாட்டி, மூலம் எது, இலக்கு எது என்று பெயரையும் அளவையும் பார்த்துச் சரிபிடித்து ஓடவிட்டேன். பெரிய டிஸ்க்கின் பிரிவுகளைச் சின்னதுக்கு ஏற்றபடி அதுவே சுருக்கிக்கொண்டது. இடையில் ஒருமுறை மறுதொடக்கம் கேட்டது, கொடுத்தேன். பின்னேரம் ஆரம்பித்தது, கடை பூட்டுவதற்குள் முடிந்தது.

கழற்றும் வேலையில் மல்லுக்கட்டியது கடற்காற்றோடுதான். அடிப்பக்க மூடியின் ஆணிகள் துரு ஏறி இறுகிப்போயிருந்தன. தலை வழுக்கத் தொடங்கிய ஒன்றுக்கு, அகலமான ரப்பர் பட்டி ஒரு துண்டை வைத்து அதன்மேல் ஸ்குரூ டிரைவரை நன்றாக அழுத்தி மெல்லத் திருப்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் இளகியது. அதற்கு முன்பே பற்றரியைக் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரம் போக பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் ஒரு தகட்டுக்குள் இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் இணைப்பிலிருந்து விடுபடும். பழையது 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, புதியது 7. தகட்டை ஓர ஆணிகள் பிடிப்பதால் அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யவில்லை. சில மொடல்களில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டியிருக்கும்.

மூடியைப் போட்டுச் சுவிட்சை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது. விண்டோஸ் உரிமம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது டிஸ்க்கில் அல்ல, மதர்போர்ட்டில் தங்கியிருக்கிறது. ‘டிபிராக்மென்ட் அன்ட் ஒப்டிமைஸ்’ என்ற இடத்துக்குப் போய், விண்டோஸ் இதை ‘சொலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று அடையாளம் கண்டிருக்கிறதா என்று பார்த்தேன். கண்டிருந்தது. பேஜ்மேக்கரில் ஒரு பழைய கல்வெட்டைத் திறந்தேன், தேவாரம் அதன் பக்கத்திலேயே நின்றது.

மாறாததையும் சொல்ல வேண்டும். வீடியோ அழைப்பு எடுத்தால் மின்விசிறி முன்புபோலவே இரைகிறது. 4 ஜீபி ரேமில் குரோமில் பத்துப் பக்கம் திறந்தால் இப்போதும் திக்குமுக்காடும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, இந்த வயது புரோசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஆகவே இதைப் பக்கம் அமைக்க மட்டும் வைத்திருக்கிறேன். வங்கி வேலை போனில்.

சீடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய டிஸ்க்கைப் போடலாம் என்றும் கடையில் சொன்னார்கள். மஞ்சள் காட்டிய டிஸ்க்கை எதற்கு உள்ளே வைப்பது? அதோடு, இறந்தவரின் படம் என்று இன்னும் சீடியில் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சக் காசு தருகிறோம், பழையதைத் தந்துவிட்டுப் போங்கள் என்றும் கேட்டார்கள். ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகளும் குடும்பப் படங்களும் அதற்குள் இருக்கின்றன. எஸ்.எஸ்.டி. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடட்டும். அதற்குப் பிறகு தச்சு வேலைக்கு வருகிறவரிடம் சொல்லி டிரில் போட்டுத் துளைத்துவிட உத்தேசம்.