ஹவுஸ்கீப்பிங் சான்றிதழ்: காரைக்குடிப் பக்கம் படிக்கப் போகிறவர்களுக்கு

"பெருக்கித் துடைக்க எதற்குச் சர்டிபிகேட்?" என்று கேட்காத ஆளில்லை. பாடத்திட்டத்தைப் புரட்டினால் அதில் முக்கால்வாசி நாலே கேள்விக்குள் அடங்கிவிடும். இது என்ன பரப்பு, இதில் எந்த மருந்து (சுத்தம் செய்யும் திரவம்) படலாம், எவ்வளவு, எத்தனை நிமிடம்? தேர்வில் மதிப்பெண் போவதும் இந்த நாலில்தான். செட்டிநாட்டில் படிப்பவர்களுக்கு முதல் கேள்வியே கொஞ்சம் கனமாக இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

சேர மூன்று வழி உண்டு. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு ஹவுஸ்கீப்பர் பிரிவு. இது எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. திறன் இந்தியா திட்டங்களின் கீழ் சில மாதக் குறுகியகாலப் பயிற்சி. ஏற்கெனவே ஹோட்டலிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு, கையிலிருக்கும் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். ஹோட்டல் பக்கத்துப் பணிகளுக்கான தரத்தைச் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் குழு வகுக்கிறது. சேரும்முன் மையத்தில் கேட்க வேண்டியது பணிப்பெயர், அதன் குறியீடு, நிலை (லெவல்) ஆகிய மூன்றும். வெறுமனே "ஹவுஸ்கீப்பிங் கோர்ஸ்" என்று சொல்லிவிட்டு இதை எழுதித் தராத இடத்தில் சேர வேண்டாம்.

பாடத்தைவிட அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது பெயர்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். பதிவில் ஏறிய பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். எனவே ஆதாரில் திருத்த வேண்டியதைச் சேர்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள். ஓ.டி.பி. வருவதற்கு ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். மகன் வெளியூருக்குக் கொண்டுபோன நம்பர் உதவாது.

இனிக் கலவைக் கணக்கு. டப்பாவில் 1:50 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. 1:40 என்றால் 25 மி.லி. "பக்கெட்டில் 8 லிட்டர் இருக்கிறது, 1:40க்கு எவ்வளவு ஊற்றுவீர்கள்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் 200 மி.லி. என்று உடனே வர வேண்டும். மூடியால் அளப்பது, கண்ணால் அளப்பது இரண்டும் கூடாது. அளவுக் குவளையைக் கையில் எடுத்தாலே தேர்வாளர் ஒரு டிக் போடுவார். தண்ணீரை முதலில் பிடித்து அதன் பிறகே மருந்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பக்கெட் முழுக்க நுரை பொங்கும், முகத்திலும் தெறிக்கும். கூட ஊற்றினால் கூடச் சுத்தமாகும் என்பது நம் ஊரில் ஆழமாக வேரோடிய எண்ணம். உண்மையில் மிச்ச மருந்து தரையில் பிசுக்காகப் படிந்து, மறுநாளே புழுதியைப் பிடித்து, ஒவ்வொரு காலடியையும் காட்டிக்கொடுக்கும்.

துணிகளுக்கு நிறம் உண்டு. பரவலான வழக்கப்படி கழிப்பறைக்குச் சிவப்பு, அறைக்கு நீலம், சமையல் பகுதிக்குப் பச்சை. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் மையத்து அட்டவணையைப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். கசக்கிப் பிடித்துத் துடைத்தால் ஒரே முகத்து அழுக்கு மேசை முழுவதும் ஊர்வலம் போகும்.

கழிப்பறைச் செய்முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேய்க்கிறவர்கள். மருந்து ஊற்றிய கையோடு பிரஷ் போட்டுவிடுவார்கள். வரிசை இப்படி: ஃப்ளஷ் செய்து, பிரஷால் கோப்பையில் நிற்கும் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றும் மருந்து அந்தத் தண்ணீரிலேயே நீர்த்துப்போகும். விளிம்பின் அடியில் சுற்றிலும் மருந்து விட்டு, லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுவிடுங்கள். அதற்குள் கண்ணாடி, வாஷ்பேசின், குழாய் முடிந்துவிடும். பிறகு தேய்த்து ஃப்ளஷ் செய்து, மூடியும் இருக்கையும் சிவப்புத் துணியால் துடைத்து, கடைசியாகத் தரை. இந்தத் திரவங்களில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதே கோப்பையில் ப்ளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இந்தக் கேள்வி தேர்வில் வந்தாலும் வராவிட்டாலும் மறக்கக் கூடாதது.

படுக்கை விரிப்பில் மூலை மடிப்பு ஒன்றுதான் கொஞ்சம் பழக வேண்டும். கால்மாட்டில் விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பக்க ஓரத்தைப் பிடித்து மெத்தை மேல் தூக்கிப்போட்டால் முக்கோணம் வரும். கீழே தொங்குவதைச் செருகி, முக்கோணத்தை இறக்கி, அதையும் செருகினால் 45 டிகிரிக் கோடு தெரியும். மற்றபடி மேலிருந்து கீழ், உள்ளிருந்து வாசல், உலர் வேலை முடிந்து ஈர வேலை. வீட்டில் செய்வதுதான்.

தரை தேய்க்கும் ஒற்றைத் தட்டு மெஷினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கைப்பிடியை இடுப்பளவில் பிடித்துத் தொடங்கி, லேசாக உயர்த்தினால் வலப்பக்கமும் தாழ்த்தினால் இடப்பக்கமும் நகரும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். மெஷினின் அடியில் மாட்டும் பேட் நிறம் கேட்பார்கள்: வெள்ளை பாலிஷுக்கு, சிவப்பு அன்றாடச் சுத்தத்துக்கு, பச்சை தேய்த்துக் கழுவ, கறுப்பு பழைய பூச்சை உரித்தெடுக்க.

இப்போது நம் ஊர்த் தரைக்கு வருவோம். பாடப்புத்தகம் டைல்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் சூளையில் வெந்து, மேலே கண்ணாடிப் பூச்சு பெற்ற செராமிக்கை. ஆத்தங்குடிக் கல் அந்த வகையே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை வார்த்து, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, கலவை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நெருப்பே படாது. மேலே இருக்கும் வண்ணம் மெல்லிய சிமென்ட் படலம், அவ்வளவுதான். உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் கழிப்பறை ஆசிடை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொரபொரவென்று நுரைக்கும், கழுவிக் காய்ந்தபின் அந்த வட்டம் மட்டும் வெளிறி, விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அதைத் துடைத்து மீட்க வழியில்லை. இந்தத் தரைக்கு நடுநிலை, அதாவது பி.எச். 7 ஒட்டிய திரவம், நன்றாகப் பிழிந்த மாப், இரண்டு பக்கெட். கறுப்பு, பச்சை பேட் வேண்டவே வேண்டாம். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழைய வழக்கம் சரிதான், ஆனால் துணி ஈரமாகத் தெரியும் அளவுக்கு எண்ணெய் ஏறக் கூடாது. ஏறினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். விருந்தாளி வந்து போகும் நடையில் எண்ணெய் போடுவதையே நாங்கள் ஆதரிப்பதில்லை.

முகப்பிலும் பட்டாலையிலும் (கூடம்) போட்ட இத்தாலி மார்பிளுக்கும் அமிலம் ஆகாது. இங்கே ஆபத்து ஆசிட் பாட்டிலிலிருந்து வருவதைவிடப் புளியிலிருந்து அதிகம் வரும். பித்தளை விளக்கையும் குத்துப்போணியையும் அங்கேயே வைத்துப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். சொட்டிய இடமெல்லாம் மங்கிப்போகும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. பாத்திரங்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்ப்பதே வழி. நிலைக்கதவிலேயே பதித்த பித்தளைக் குமிழை எடுக்க முடியாது. அதற்குக் கெட்டி அட்டையில் துளை வெட்டி, குமிழைச் சுற்றி வைத்துக்கொண்டு பாலிஷ் போட வேண்டும். இல்லையென்றால் பாலிஷ் காய்ந்த வெள்ளைத் தூள் தேக்கு வேலைப்பாட்டின் இடுக்கில் புகுந்து உட்கார்ந்துவிடும். தேக்குத் தூணுக்கு மெல்லிய பிரஷும் உலர்ந்த துணியும் போதும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் உலர்ந்த மென்துணி தவிர வேறெதையும் கொண்டுபோகாதீர்கள். அதுவும் அமிலத்தில் கரையும் ஜாதிதான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் தனிக் கதை. கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திறப்பார்கள், நாலு நாளில் சுத்தமாக வேண்டும் என்பார்கள். வளவை (நடு முற்றம்) சுற்றிப் புறா எச்சமும் இரண்டாங்கட்டில் வௌவால் புழுக்கையும் கிடக்கும். உலர் வேலை முதலில் என்ற விதி இங்கே செல்லாது. காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் தள்ளினால் தூள் காற்றில் ஏறும். அதிலுள்ள பூஞ்சை நுரையீரலுக்குப் போகக்கூடும். ஸ்பிரேயரில் தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, தகட்டால் சுரண்டிப் பையில் கட்ட வேண்டும். பயிற்சியில் விதிவிலக்கு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் குழாயிலும் ஷவர் கண்ணாடியிலும் வெள்ளைப் படிவு கட்டும். காரைக்குடியின் சம்பை ஊற்று நல்ல தண்ணீரில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அது சுண்ணாம்புப் படிவு என்பதால் மிதமான அமிலத் திரவத்துக்குக் கேட்கும். நனைத்த துணியைக் குழாயில் மட்டும் சுற்றி, கீழே சொட்டாதபடி பார்த்து, நன்றாக அலசிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் கூடுதலாக இரண்டு அறிந்திருக்க வேண்டும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 1% ஹைப்போகுளோரைட் (குளோரின் வகைக் கிருமிநாசினி): 5% திரவம் 200 மி.லி.யுடன் 800 மி.லி. தண்ணீர், அன்றன்று புதிதாக. வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். இரண்டாவது, 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின் நிறங்கள்: ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில், டியூப் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி, பிளேடு குத்தாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில்.

தேர்வு எழுத்து, செய்முறை, வாய்மொழி என மூன்று பகுதி. மதிப்பிடுபவர் வெளியிலிருந்து வருவார், உங்கள் ஆசிரியர் அல்ல. எழுத்துத் தேர்வு டேப்லெட்டில் இருந்தால் தமிழில் கேள்வி வேண்டும் என்று மையத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செய்முறையில் பேசாமல் வேலை பார்க்காதீர்கள். "இது சுண்ணாம்புப் பரப்பு, அதனால் நடுநிலைத் திரவம் எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்தால், காரணம் தெரிந்துதான் செய்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும். கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவது, ஈரத்தரை போர்டு வைப்பது, ஸ்பிரே பாட்டிலில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கையைவிட்டுப் போகும் சில்லறை மதிப்பெண்கள். தரை காய்ந்ததும் வேலை முடிந்ததென்று நிற்காதீர்கள். மாப்பை அலசித் தலை மேலாகத் தொங்கவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து, துணிகளை நிறவாரியாகப் பிரித்துப் போட்டு, போர்டை எடுத்துவிட்டுத்தான் தேர்வாளரிடம் "முடிந்தது" என்று சொல்ல வேண்டும்.

சான்றிதழ் இணையத்தில் வந்ததும் பெயர், பணிப்பெயர், நிலை மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் மையம் அடுத்த பேட்சில் மும்முரமாகும் முன்பே எழுத்து மூலம் கேளுங்கள்.