வேதாளத்துக்கு நான் எழுதிய விடைகள்

பாலக்கோட்டில் என் தாய்மாமாவின் சலூன் பெஞ்சில் கிடந்த அம்புலிமாமா இதழ்களில்தான் வேதாளத்தை முதலில் கண்டேன். தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமனைப் பார்ப்பதற்காகவே, முடி வளராத நாட்களிலும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். மூலக்கதைகள் தீர்ந்த பின்னும் புதிய கதைகளை எழுதி அந்த இதழ் வேதாளத்தைப் பேசவைத்துக்கொண்டே இருந்ததால், இதற்கு முடிவே கிடையாது என்று நம்பியிருந்தேன். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருப்பவை, முடிவுக் கதையையும் சேர்த்து, 25 வேதாளக் கதைகளே. அவற்றைத் தமிழ் உரைநடையில், இரவுக்கு ஒன்றாக, தருமபுரி வீட்டுத் திண்ணையில் சென்ற மாதம் வாசித்து முடித்தேன். வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடி, என் விடையை நோட்டில் எழுதிய பிறகே மன்னனின் விடையைப் பார்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

முதல் இரவே ஓர் அதிர்ச்சி. சோமதேவரிடம் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில்; முருங்கை நம்முடையது. எங்கள் கொல்லை முருங்கை காயின் பாரத்துக்கே கிளை முறிகிற மரம், அது எப்படிப் பிணத்தைத் தாங்கியது என்று சிறுவயதில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

இறந்த பெண்ணின் சாம்பலில் படுத்தவன், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன், மந்திரம் கற்று உயிர்ப்பித்தவன் ஆகிய மூவரில் கணவன் யார் என்ற கதையில், சாம்பலில் படுத்தவனே என்று மன்னனோடு ஒத்துப்போனேன். வீரவரன் கதையில் முடியவில்லை. அரசனின் ஆயுளுக்காக வீரவரன் தன் மகனைப் பலியிட, அவன் குடும்பமே மடிய, அதைக் கண்டு தானும் சாகத் துணிந்த அரசன் சூத்திரகனே எல்லோரிலும் உயர்ந்தவன் என்கிறான் மன்னன். ஊழியன் உயிர் கொடுப்பது கடமையாம். பத்து வயதில் தலையாட்டிய இடம் இது. இப்போது பிள்ளை பெற்றவனாக, அந்தச் சிறுவனின் பெயரை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். 23 கேள்விகளில் என் விடை பொருந்தியது ஒன்பதில்தான்.

24-ஆவது கேள்விக்கு மன்னனே வாய் திறக்கவில்லை. தந்தை ஒரு பெண்ணையும், அவன் மகன் அப்பெண்ணின் தாயையும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? நானும் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். கை நிற்கவே இல்லை.

“ரெண்டும் பையனா இருந்தா, அப்பனுக்குப் பொறந்தவன் மத்தவனுக்குச் சித்தப்பன், அவன் இவனுக்குத் தாய்மாமன். இதுல என்னடா யோசனை?”

காகிதத்தில் கோடு இழுத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. மன்னன் மௌனம் காத்ததால்தான் வேதாளம் மனமிரங்கி, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவியின் சூழ்ச்சியைச் சொல்லிக் கதையை முடித்துவைக்கிறது. அம்மா சுமந்து போயிருந்தால் அது மறுபடியும் மரமேறியிருக்கும்.